மூட்டையோடு கட்டிய பாட்டில்

யூரியா கேட்டுப் போன விவசாயி நானோ பாட்டிலையும் சுமந்துகொண்டு வருகிறார். வீட்டுக்கடன் கேட்டுப் போனவர் காப்பீட்டுப் பாலிசியோடு திரும்புகிறார். ரேஷனில் விலையில்லா அரிசி வாங்கப் போனவர் பையில் கேட்காத உப்புப் பாக்கெட் விழுகிறது. வேண்டிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாத பொருளைத் தலையில் கட்டும் இந்த வியாபாரத்தைச் சட்டம் தடுக்கிறது, அமைச்சர்கள் கண்டிக்கிறார்கள், சுற்றறிக்கைகளும் தவறாமல் வருகின்றன. ஆனாலும் நின்றபாடில்லை. நடவடிக்கை என்று வரும்போதெல்லாம் கவுண்டரில் நிற்பவரையே எல்லோரும் பிடிக்கிறார்கள். அவரையும் ஒரு கயிறு கட்டியிருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

நட்டு இருபது நாளான நெல். களையெடுப்பு முடிந்துவிட்டது, பயிர் தூர் கட்டத் தொடங்கியிருக்கிறது. இந்த வாரத்துக்குள் மேலுரம் விழ வேண்டும். உரக்கடையில் ஆதார் எண்ணைச் சொல்லி, கைரேகை வைத்தால், கையடக்க இயந்திரம் ரசீதைத் துப்புகிறது: யூரியா 45 கிலோ, 266 ரூபாய் 50 காசு. மூட்டையில் கை வைக்கும்போதுதான் கடைக்காரர் பேச்சைத் தொடங்குகிறார். “அண்ணே, மூட்டைக்கு ஒரு பாட்டில் எடுத்துக்கணும். எங்களுக்கே அப்படித்தான் வருது.” வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால், “அப்ப அடுத்த வாரம் பாருங்கண்ணே, இது எல்லாம் சொல்லி வச்ச சரக்கு” என்று பதில் வரும். அடுத்த வாரம்வரை பயிர் காத்திருக்காது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

காவிரி டெல்டாவில் ஒவ்வொரு சாகுபடியிலும் ஏதாவது ஒரு கடையில் நடக்கும் காட்சி இது. வியாபாரிகள் இதை ‘லிங்க்’ என்கிறார்கள், அரசுக் கோப்புகளில் ‘இணைப் பொருள்’. ஒரு கடையில் நானோ யூரியா, இன்னொன்றில் நுண்ணூட்டக் கலவை, வேறொன்றில் கடற்பாசிச் சாறு, இல்லையென்றால் பெயரே வாயில் நுழையாத ஏதோ ஒரு வளர்ச்சி ஊக்கி. டிஏபி மூட்டைக்கும் இதே கதைதான்.

இயந்திரம் தரும் ரசீதில் யூரியா மட்டும்தான் இருக்கும். மானிய உர விற்பனையைக் கணக்கில் வைக்க வந்த இயந்திரம் அது. மானியம் இல்லாத பாட்டிலுக்குத் தனிச் சீட்டு எழுதினால் உண்டு. பல இடங்களில் அதுவும் கிடையாது. டெல்லியில் உட்கார்ந்து கணினியில் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஒரு மூட்டை, நிர்ணயித்த விலை, ஒரு கைரேகை. அதே விவசாயியின் சட்டைப்பையில் பார்த்தால்தான் இன்னொரு கணக்கு இருக்கும்.

266 ரூபாய் மூட்டையின் நிஜ விலை

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது பரிந்துரை. ஏக்கருக்கு 60 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால், முழுவதையும் யூரியாவாகவே கொடுத்தால் ஏறத்தாழ மூன்று மூட்டை. விலை 800 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மூட்டைக்கு ஒன்று வீதம் 225 ரூபாய் பாட்டில் கட்டினால் 675 ரூபாய் கூடுகிறது. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு போகத்துக்கு 3,375 ரூபாய். நாற்றங்கால் செலவும் நடவுக் கூலியும் கொடுத்து, கதிர் அறுக்க எந்திரத்துக்கு வாடகை எங்கே புரட்டுவது என்று யோசிக்கும் வீட்டில் இது சின்னத் தொகை அல்ல.

பாட்டில் பயன்பட்டால் போகட்டும் என்று விடலாம். பயன்படுகிறதா என்பதே சர்ச்சையில் இருக்கிறது. கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ 2021இல் நானோ யூரியாவை அறிமுகப்படுத்தியபோது, 500 மில்லி பாட்டில் ஒன்று ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம் என்றது. முதலில் வந்த பாட்டிலில் 4 விழுக்காடு தழைச்சத்து, அதாவது சுமார் 20 கிராம். ஒரு மூட்டையில் இருப்பதோ 20 கிலோவுக்கும் மேல். நுண்துகள் இலை வழியாக நேரே உள்ளே போவதால் கொஞ்சம் இருந்தாலே போதும் என்பது நிறுவனத்தின் வாதம். பிறகு செறிவும் கூட்டப்பட்டது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகள் வயலில் சோதித்துப் பார்த்ததில், யூரியாவில் பாதியைக் குறைத்து நானோ தெளித்த இடத்தில் கோதுமை விளைச்சல் 21.6 விழுக்காடும் நெல் விளைச்சல் சுமார் 13 விழுக்காடும் குறைந்தன. நிறுவனம் அந்த முடிவை ஏற்கவில்லை.

அந்த வழக்கை விஞ்ஞானிகள் தீர்த்துக்கொள்ளட்டும். நானோ உரம் நல்ல சரக்கா இல்லையா என்பதல்ல இங்கே கேள்வி. நல்ல சரக்கென்றால் விவசாயியே தேடி வந்து வாங்குவார். பக்கத்து வயலில் பச்சை பிடித்திருந்தால் என்ன அடித்தாய் என்று வரப்பில் நின்று விசாரிக்காத விவசாயி கிடையாது. அப்படித் தானாக விலைபோகும் சரக்கை மூட்டையோடு கட்ட எதற்குக் கயிறு?

வாங்கிய பாட்டில்களை எல்லோரும் தெளிப்பதும் இல்லை. தெளிப்பானுக்கு வாடகை, ஆளுக்குக் கூலி என்று அது தனிச் செலவு. டெல்டா வீடுகளில் மாட்டுக் கொட்டகைப் பரணையும் பம்புசெட் அறையையும் எட்டிப் பார்த்தால் திறக்காத பாட்டில்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

கயிற்றின் மறுமுனை

2025 குறுவைக் காலத்தில் நாட்டின் பல மாநிலங்களில் யூரியாவுக்கு நெருக்கடி வந்தது. சொல்லி வைத்தாற்போல் கட்டாய விற்பனைப் புகார்களும் கூடவே வந்தன. அந்த ஆண்டு ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌஹான் எல்லா முதல்வர்களுக்கும் கடிதம் எழுதினார். மானிய உரத்தோடு நானோ உரத்தையும் உயிரூக்கிகளையும் கட்டாயப்படுத்தி விற்பதை உடனே நிறுத்த வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியக் கூறு. உயிரூக்கி என்ற பெயரில் ஒரு காலத்தில் சுமார் 30 ஆயிரம் பொருள்கள் கட்டுப்பாடின்றி விற்கப்பட்டதாகவும், சோதனைகளைக் கடுமையாக்கிய பிறகு அது 650 அளவுக்கு இறங்கியதாகவும் அவரே சொன்னார். இத்தனை ஆயிரம் சரக்குகள் எப்படி விலைபோயின என்ற கேள்விக்குப் பாதி பதில் யூரியா மூட்டையின் அடியில் இருக்கிறது.

கடிதம் வந்தால் ஆய்வு நடக்கும். வேளாண்மை உதவி இயக்குநர் கடைக்கு வருவார், இருப்புப் பலகையைப் பார்ப்பார், பதிவேட்டைப் புரட்டுவார். எங்காவது ஒரு கடையின் உரிமம் சில நாள்களுக்கு நிறுத்தப்படும். மறுநாள் செய்தித்தாளில் மூன்று பத்திச் செய்தி.

கடைக்காரரின் பக்கத்தையும் கேட்க வேண்டும். யூரியா விற்றால் அவருக்குக் கிடைக்கும் கமிஷன் டன்னுக்கு 354 ரூபாய் என்று 2018இல் வைக்கப்பட்டது. மூட்டைக்கு 16 ரூபாய். வண்டிச் சத்தம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கடை வாடகை, கடனுக்குக் கொடுத்துவிட்டு அறுவடைவரை காத்திருக்கும் காலத்துக்கான வட்டி எல்லாம் இந்தப் பதினாறு ரூபாயில் அடங்க வேண்டும். இதற்கு மேல், மொத்த வியாபாரியிடமிருந்து ஒரு லோடு யூரியா வர வேண்டுமானால் இத்தனை ஆயிரத்துக்கு வேறு சரக்கு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை வருகிறது என்பது சில்லறை வியாபாரிகள் பல ஆண்டுகளாகச் சொல்லும் குறை. மொத்த வியாபாரியைக் கேட்டால் மேலே கை காட்டுவார். அந்த நிபந்தனை எந்தக் காகிதத்திலும் எழுதப்பட்டிருக்காது. போனில் வரும், அல்லது லோடு வராமல் இருப்பதன் மூலம் புரியவைக்கப்படும்.

ஆக, விவசாயிக்கு முன்பே கடைக்காரர் கட்டப்பட்டுவிட்டார். தன் கையில் தேங்கிய சரக்கை அடுத்தவர் கைக்கு மாற்றுகிறார், அவ்வளவுதான். இதனால் அவர் குற்றமற்றவர் ஆகிவிடவில்லை. பாட்டிலில் கிடைக்கும் லாபம் மூட்டையில் கிடைப்பதைவிடப் பல மடங்கு என்பதால், மேலிருந்து நெருக்காவிட்டாலும் கட்டி விற்கும் கடைகள் உண்டு. ஆனால் கடைகளை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் ஆண்டுதோறும் இதே செய்தியை எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

யூரியாவின் விலையை அரசு நிர்ணயிக்கிறது. யாரும் ஏற்ற முடியாது. அந்த விலையைக் காப்பாற்ற அரசு பெரும் தொகையை மானியமாகக் கொடுக்கிறது. 2022-23இல் நாட்டின் மொத்த உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. விலை ஏற முடியாத பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தால், அந்தத் தட்டுப்பாடு வேறு வாசல் தேடும். பாட்டில்தான் அந்த வாசல். ரசீதில் விலை 266.50 ஆகவே நிற்கும். கொடுத்த பணம் 491.50 ஆகிவிடும். மக்கள் வரிப்பணத்தில் மலிவாக்கிய மூட்டையின் மலிவைப் பாட்டில் தின்றுவிடுகிறது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழாத மாவட்டம் டெல்டாவில் இருக்க முடியாது. எழுத்துமூலம் புகார் கொடுங்கள், நடவடிக்கை எடுக்கிறோம் என்று பதில் வரும். யார் எழுதிக் கொடுப்பது? அடுத்த போகத்துக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டும். போன போகத்துப் பாக்கியும் அங்கேதான் நிற்கிறது.

கொசுறும் கட்டாயமும்

சேர்த்து விற்பது எல்லாமே பாவம் என்று சொல்ல வரவில்லை. நம் ஊர்க் கடைத்தெருவே சேர்த்து விற்பதில் வளர்ந்ததுதான். காய்கறி வாங்கினால் கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கொசுறாக விழும். கொசுறு போடாத கடைக்காரியிடம் அடுத்த நாள் யாரும் போவதில்லை. ஓட்டலில் சாப்பாடு என்று சொன்னால் சாம்பார், ரசம், கூட்டு, மோர், அப்பளம் எல்லாம் ஒரே விலையில் வருகின்றன. கூட்டு பிடிக்காதவர் ஒதுக்கி வைக்கிறார். அதற்காக வழக்குப் போடுவதில்லை. பக்கத்துக் கடையில் தோசை கிடைக்கிறது, அதனால்தான். சிவகாசிப் பட்டாசுப் பெட்டியில் முப்பது வகை என்று எழுதியிருக்கும். பிரித்தால் பாதிக்கு மேல் சாட்டையும் பிஜிலி வெடியுமாக இருக்கும். பிள்ளைகள் முகம் சுருங்கும். அதோடு சரி, அடுத்த தீபாவளிக்குத் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

தொகுப்பில் வியாபாரிக்கும் லாபம், வாங்குபவருக்கும் பெரிய நட்டமில்லை என்ற நிலை ஏற்படுவதும் உண்டு. அமெரிக்கப் பொருளியலர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1963இல் திரைப்படத் தொகுப்புகளை வைத்து இதை விளக்கினார். அதை நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு மாற்றிப் பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு விளையாட்டுச் சேனல் 30 ரூபாய் பெறும், தொடர் சேனல் 10 ரூபாய் பெறும். எதிர் வீட்டில் அப்படியே தலைகீழ். தனித்தனியாக 30 ரூபாய்க்கு விற்றால் ஆளுக்கொன்று போகும், வரவு 60. இரண்டையும் கட்டி 40 ரூபாய்க்கு விற்றால் இரண்டு வீடும் வாங்கும், வரவு 80. இரு வீட்டாரும் தாங்கள் மதித்த விலையைத்தான் கொடுத்தார்கள்.

ஸ்டிக்லர் எடுத்துக்கொண்ட வழக்குக்கு ஒரு பின்கதை உண்டு. பழைய படங்களைத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்ற நிறுவனங்கள், நல்ல படம் வேண்டுமானால் ஓடாத படங்களையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றன. 1962இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது. ‘கான் வித் த விண்ட்’ கேட்டு வந்தவரிடம் ‘கெட்டிங் கெர்டீஸ் கார்ட்டர்’ என்ற படத்தையும் திணிப்பதை நீதிமன்றமே உதாரணம் காட்டியது. முதல் படத்தைப் போல உலகில் இன்னொன்று கிடையாது, அந்த ஒருமையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விற்கக் கூடாது என்பது அதன் சாரம். நட்ட இருபதாம் நாளில் யூரியாவும் அப்படித்தான். அதற்கு மாற்று இல்லை.

கொசுறுக்கும் கட்டாயத்துக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பது இங்கே தெரிகிறது. பக்கத்துக் கடை என்று ஒன்று இருக்கிறதா, தனி விலை சொல்லப்படுகிறதா, வேண்டாம் என்றால் வேண்டியது கிடைக்குமா என்று பார்த்தாலே போதும்.

கடனோடு வரும் பாலிசி

வீட்டுக்கடன் மேசையில் இந்த மூன்றுக்குமே பதில் மங்கலாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டாயிற்று, கிரயப் பத்திரத்துக்கு நாள் நெருங்குகிறது. கடன் அனுமதியாகிவிட்டது என்று சொல்லும் அதே வாயால் “சார், இன்சூரன்ஸ் ஒண்ணு போட்டுக்கணும், எல்லாரும் போடறதுதான்” என்கிறார் அதிகாரி. கையெழுத்துக்கு நீட்டும் இருபது தாளில் அதுவும் ஒன்று. காப்பீட்டுத் தொகையைக் கையிலிருந்து தரக்கூட வேண்டாம், கடனிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள்.

அங்கேதான் வலி. காப்பீட்டுக்காக ஒரு லட்சம் ரூபாய் கடனில் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை 900 ரூபாய் கூடும். முடிவில் அந்த ஒரு லட்சத்துக்குக் கட்டிய தொகை சுமார் 2 லட்சத்து 16 ஆயிரம். சம்பாதிப்பவர் இல்லாமல் போனால் கடன் குடும்பத்தின் தலையில் விழாமல் இருக்கக் காப்பீடு நல்லதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே பாதுகாப்பை ஆண்டுதோறும் பிரீமியம் கட்டும் டேர்ம் பாலிசியாக வெளியில் எடுக்க முடியுமா, எது மலிவு என்று ஒப்பிட்டுப் பார்க்கும் நேரம் அவருக்குக் கிடைப்பதில்லை. கடனுக்கு ஆயுள் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

இந்த மேசையில் உட்கார்ந்திருப்பவரும் கட்டப்பட்டவர்தான். மாதம் இத்தனை பாலிசி என்று அவருக்கும் இலக்கு இருக்கிறது. ரேஷன் கடையிலும் அதுவே. உப்பு, தேயிலைத்தூள், சோப்பு போன்றவற்றைக் குடும்ப அட்டைதாரர்களிடம் கட்டாயப்படுத்தி விற்கக் கூடாது என்று கூட்டுறவுத் துறை அவ்வப்போது எச்சரிக்கிறது. அனுப்பிய சரக்கு ஏன் விற்கவில்லை என்று மாதக் கடைசியில் விற்பனையாளரைக் கேட்பதும் அதே கட்டமைப்புத்தான். இரண்டு உத்தரவையும் ஒரே ஆள் எப்படி நிறைவேற்றுவார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சட்டம் இருக்கிறது, நெல் காத்திருக்காது

சட்டத்தில் பஞ்சமில்லை. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் கட்டி விற்பதைத் தனியாகவே குறிப்பிடுகிறது. ஒரு பொருளை வாங்க இன்னொன்றை வாங்க வேண்டும் என்ற நிபந்தனையைக் ‘கட்டுப்படுத்தும் வணிக முறை’ என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. விவசாயியும் நுகர்வோர்தான் என்பதை விதை தொடர்பான ஒரு வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்வரையான வழக்குகளுக்குக் கட்டணமே இல்லை.

பெரிய தண்டனைகளும் வந்திருக்கின்றன. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் தன் மற்றச் செயலிகளையும் சேர்த்தே போனில் வைக்க வேண்டும் என்று கைப்பேசி நிறுவனங்களைக் கட்டிப்போட்டது உள்ளிட்ட காரணங்களுக்காகக் கூகுளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விசாரணைக்கு உத்தரவிட்டது 2019இல், தீர்ப்பு 2022 அக்டோபரில். மேல்முறையீடு அதற்கும் பிறகு. கூகுள் வழக்கு மூன்றரை ஆண்டு தாங்கும். மேலுரத்துக்கு ஒரு வாரம்தான்.

தீர்ப்பு வந்தாலும் அது வேலை செய்யும் விதத்தில் இருக்க வேண்டும். மீடியா பிளேயரை விண்டோஸோடு கட்டியது உள்ளிட்ட காரணங்களுக்காக ஐரோப்பிய ஆணையம் 2004இல் மைக்ரோசாஃப்ட்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, அது இல்லாத விண்டோஸையும் விற்க வேண்டும் என்றது. நிறுவனமும் விற்றது, அதே விலைக்கு. யார் வாங்குவார்கள்? அது கடையில் தூங்கியது.

நம் வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. வேண்டிய சேனலை மட்டும் எடுக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் கொண்டுவந்த முறை 2019 பிப்ரவரியில் வீடுகளுக்கு வந்தது. தனி விலைகளைக் கூட்டினால் வருவதைவிடத் தொகுப்பு விலை 15 விழுக்காட்டுக்கு மேல் மலிவாக இருக்கக் கூடாது என்பதும் அதில் ஒரு விதி. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, விதி விழுந்தது. தனியாக எடுக்கும் உரிமை காகிதத்தில் நின்றது; நான்கு சேனலின் தனி விலைக்கு இருபது சேனல் தொகுப்பே கிடைக்கும்போது அந்த உரிமையை யார் பயன்படுத்துவார்? 2022 நவம்பரில் கழிவுக்கு 45 விழுக்காடு வரம்பு வந்தது. அதற்குள் தொகுப்பு வாங்குவது பழக்கமாகியிருந்தது.

உரக்கடையில் ‘இணைப் பொருள் கட்டாயமில்லை’ என்று பலகை மாட்டச் சொல்வதும் இந்த வகைத் தீர்வுதான். பலகை மாட்டிக்கொள்ளலாம். அதன் கீழேயே வியாபாரம் நடக்கும்.

என்ன செய்யலாம்

முதல் வேலை ரசீதில். யூரியாவுக்குக் கைரேகை வாங்கும் அதே இயந்திரம், அந்த வாடிக்கையாளருக்கு அன்று அந்தக் கடை விற்ற மற்றச் சரக்கையும் சேர்த்தே அச்சிட வேண்டும். கூடவே தமிழில் இரண்டு வரி: உரத்தோடு வேறு பொருள் வாங்கக் கட்டாயம் இல்லை, புகாருக்கு இந்த எண். நுகர்வோர் உதவிக்கு 1915, விவசாயிகளுக்கு 1800 180 1551 என்று எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மூட்டையும் பாட்டிலும் ஒரே ரசீதில் நின்றால், எந்தக் கடையில் இரண்டும் எப்போதும் சரிசமமாக விற்கின்றன என்பதைக் கணினியே காட்டிக்கொடுக்கும். யாரும் பெயர் போட்டுப் புகார் எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆய்வு மேலிருந்து தொடங்க வேண்டும். எந்த நிறுவனம் எந்த மொத்த வியாபாரிக்கு எவ்வளவு யூரியா அனுப்பியது என்பது அரசின் உர மேலாண்மைக் கணினி அமைப்பில் இருக்கிறது. அதே நிறுவனம் அதே வாரத்தில் அதே வியாபாரிக்கு வேறு என்ன சரக்குக்கு விலைப்பட்டியல் போட்டது என்பது ஜிஎஸ்டி கணக்கில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போனில் வந்த நிபந்தனையும் காகிதத்தில் தெரிந்துவிடும். உரக்கடை உரிமத்தை ஒரு வாரம் நிறுத்துவதைவிட, கட்டி அனுப்பிய நிறுவனத்தின் மானியத் தொகையை ஒரு மாதம் நிறுத்தி வைப்பதற்குப் பலன் அதிகம் இருக்கும்.

மூட்டைக்கு 16 ரூபாய் என்ற கமிஷனையும் திருத்தியாக வேண்டும். யூரியா விற்றே கடை நடத்த முடியும் என்றால்தான் பாட்டிலை வேண்டாம் என்று மேலே சொல்ல ஒருவருக்குத் துணிவு வரும். இந்தக் கூடுதல் செலவுக்கு நிதித்துறை முகம் சுளிக்கும். விவசாயி இப்போது பாட்டிலுக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

காப்பீட்டிலிருந்து ஒரு நல்ல வழக்கத்தை உரத்துக்குக் கொண்டுவரலாம். பாலிசி பிடிக்கவில்லை என்றால் கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க 2024 விதிகளின்படி உரிமை இருக்கிறது. திறக்காத இணைப் பொருளையும் 30 நாளுக்குள் கடை திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், கடையிடமிருந்து நிறுவனம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உரக் கட்டுப்பாட்டு ஆணையில் சேர்த்தால், பரணில் நிற்கும் பாட்டில்கள் வந்த வழியே மேலேறிப் போகும். தேங்கும் என்று தெரிந்த சரக்கை யாரும் கட்டி அனுப்ப மாட்டார்கள்.

வங்கிக்கு இது இன்னும் எளிது. சில்லறைக் கடன்களின் மொத்தச் செலவை ஒரே தாளில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்து, 2024 அக்டோபரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தாளில் காப்பீட்டோடு மாதத் தவணை எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு என்று இரண்டு எண்ணை அருகருகே போடச் சொன்னால் போதும். காப்பீட்டுக்கான கையெழுத்தைக் கடன் தொகை கைக்கு வந்த பிறகு, தனியாக ஒரு நாளில் வாங்கட்டும். அன்றைக்கும் வேண்டும் என்கிறவர் உண்மையிலேயே வேண்டுபவர். ரேஷன் கடைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வேண்டியது சுற்றறிக்கையில் ஒரு வரி: விருப்பப் பொருள்களின் விற்பனை அளவைக் காட்டி எந்த ஊழியரிடமும் விளக்கம் கேட்கக் கூடாது, விற்காத சரக்கைத் திருப்பி அனுப்பலாம்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. ரசீதில் இரண்டு வரி சேர்க்க மென்பொருளில் சில நாள் வேலை. தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கங்கள் இருக்கின்றன. தனியார் கடைகளுக்கு முன்னோடியாக, ஒருங்கிணைந்த ரசீதை அங்கிருந்தே அரசு தொடங்கலாம். மேட்டூரிலிருந்து குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மேலுரத்துக்கு யூரியா தேடி விவசாயி கடைக்கு வர அதற்குப் பிறகும் சில வாரங்கள் ஆகும். இயந்திரத்தைத் தயார் செய்ய அந்த அவகாசம் தாராளம்.